மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னை "கட்டுமானத் துறையில் தரக் கட்டுப்பாடு" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பை ஒப்புக்கொண்டேன். ஆனால் பாலத்தைப் பற்றியும் கான்கிரீட்டைப் பற்றியும் பேசப் போவதில்லை. நம்மைப் பெற்றவர் ஒருவருக்கு மறதி நோய் வந்து, அவரை ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், அந்த இடத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். சமையல் வாசனை எனக்கும் வருகிறது.

ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழர்கள் கூடினால் முதலில் வேலையைப் பற்றிப் பேசினோம். பிறகு கல்யாணம், பிறகு வீட்டுக் கடன், பிறகு பிள்ளைக்கு ஸ்கூல் சீட். இப்போது போன் எடுத்தால் "அப்பாவுக்கு எப்படியிருக்கு, அம்மாவுக்கு எப்படியிருக்கு" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறோம். பெற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்று சொன்னால் பிரசவம் பார்க்கிற, குடல்வால் ஆபரேஷன் செய்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. அங்கே தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் தங்கி வாழ்கிற இடம் அது. "முதியோர் இல்லம்" என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை, தானே எழுந்து, குளித்து, மணி அடித்தால் சாப்பிட வரக்கூடிய முதியவர்களுக்கானவை. டிமென்ஷியா வந்தவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. பகலிலும் இரவிலும் ஆள் பக்கத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லம் வேண்டும். தேடப் போகும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டிமென்ஷியா என்பது வயதானால் வரும் சாதாரண மறதி அல்ல. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வரும். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது நோய். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதன் மிகப் பரவலான வகையை விவரித்தார். அதனால்தான் அவர் பெயர். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். "வீட்டில்" என்றால் யார்? மனைவி, மகள், மருமகள். இதை ஆண்கள் நாம் மேடையில் ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

என் அப்பா கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை 1976-ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து அவர் வேலைக்குப் போனார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேறும் பஸ்ஸில் பல வருஷம் போய் வந்தார். இப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. மகன் பெயர் நினைவில் நிற்பதில்லை. ஆனால் மாலை ஆறு மணியானால் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். "வெள்ளிமலை பஸ் போயிடும். பசங்க சாப்ட்டாங்களான்னு பாக்கணும்" என்று வாசலுக்குப் போய்விடுவார். தடுத்தால் கோபம் வரும். கை ஓங்குவார். வாழ்க்கையில் ஒரு மாணவனைக்கூட அடித்திராத மனிதர் அவர்.

இதை அவர் அந்தரங்கத்தை வெளியில் சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் பேச்சு முழுவதும் இந்த ஆறு மணியைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்தி நேரத்தில் குழப்பமும் பதற்றமும் அதிகமாவது இந்த நோயில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. பகல் முழுவதும் சமாளித்த மூளை களைத்துப்போகிறது. வெளிச்சம் குறைகிறது. நிழல்கள் ஆட்களைப் போலத் தெரிகின்றன. "வீட்டுக்குப் போகணும்" என்ற தவிப்பு வருகிறது, சொந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும்!

இல்லம் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இது டிமென்ஷியாதானா என்று உறுதி செய்யுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகளின் விளைவு, கீழே விழுந்து மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என்று பல காரணங்களால் இதே போன்ற குழப்பம் வரும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். 2019-ல் தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்று தனிப் பிரிவே நடத்துகிறது. மருத்துவர் கையால் நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு இல்லம் தேடுங்கள்.

அடுத்தது மனசாட்சிக் கேள்வி. "பெத்தவரை ஹோம்ல விடறதா? ஊர் என்ன சொல்லும்?" எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஆறு மாதம் ஓடியது. எங்கள் பெரியப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார். அம்மா பதிலே சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், சர்க்கரை. இரவில் மூன்று தடவை எழுந்து அப்பாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். மருத்துவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு பேஷன்டை நீங்க ரெண்டு பேஷன்டா ஆக்கிடாதீங்க" என்றார். எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நல்ல உதவியாள் கிடைத்து, வீட்டில் ஆள் பலமும் இருந்தால் வீடுதான் உத்தமம். பார்த்துக்கொள்பவரின் உடம்பும் ஓர் உயிர்தான் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

சரி, இல்லம் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அவசரத்தில் எங்காவது விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது நம் மாநிலத்தில் நடந்த இரண்டு விஷயங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிரியத்தோடு குணமாக்கக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள்தான் அவர்களுக்கும் இருந்தன.

இரண்டாவது, நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட வயதான ஒருவரைப் பார்க்க உறவினர்கள் போனபோது அவர் அங்கே இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் ஆள் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது 140-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அந்த உறவினர்கள் தேடிப் போகாமல் இருந்திருந்தால் விஷயம் எப்போது வெளியே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதல் கேள்வி, காகிதம். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. நினைவாற்றலும் இடம், காலம் அறியும் திறனும் பெரிதும் கெட்டுப்போவதையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முதியோர் இல்லமாக நடப்பது சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்பது பதிவு அல்ல. இதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கிறவரிடம் அப்பாவை எப்படி ஒப்படைப்பது?

காகிதம் சரியாக இருந்தால் இல்லம் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. நம் எல்லாருக்கும் தெரியும், டிராயிங் வேறு, சைட் வேறு. ஒரு பாலத்தைச் சராசரியாக எத்தனை வண்டி போகும் என்று பார்த்து நாம் வடிவமைப்பதில்லை. அதிகபட்ச பாரம் ஏறும்போது என்ன ஆகும் என்று பார்த்துத்தான் வடிவமைக்கிறோம். இல்லத்துக்கும் அதே விதிதான். காலை பதினோரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். அப்போதுதான் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். மேலாளர் இருப்பார். டீயும் பிஸ்கட்டும் வரும். அது பாரம் இல்லாத பாலம். அதிகபட்ச பாரம் மாலை ஆறு மணிக்கு. பகல் ஷிப்ட் போய் இரவு ஷிப்ட் வரும் நேரம், விளக்கு வைக்கும் நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம், எல்லா முதியவர்களும் ஒரே சமயத்தில் பதறுகிற நேரம். அப்போது போய்ப் பாருங்கள். சொல்லாமல் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டு மாதத்தில் நானும் என் தங்கையும் ஏழு இடம் பார்த்தோம். எங்கள் மாவட்டத்தில், சேலம் பக்கம், புதுச்சேரி பக்கம், சென்னையில். பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. பார்த்த முறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்கு. "எங்களிடம் இருபது ஊழியர்கள்" என்பார்கள். அதில் சமையல், தோட்டம், வாட்ச்மேன், ஆபீஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, "ராத்திரி ரெண்டு மணிக்கு விழிச்சிருக்கறவங்க எத்தனை பேர்?" டியூட்டி நோட்டைக் கேளுங்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஊட்டிவிட வேண்டியவர்கள் 12 பேர். புரையேறாமல் ஒருவருக்கு ஊட்டிவிட 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300 நிமிடம். ஊட்டுகிற ஆயாம்மாக்கள் இரண்டு பேர் என்றால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். சமையல்காரரிடம் "சாப்பாடு எத்தனை மணிக்கு முடியும்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும் சார்" என்று சொன்னால், கணக்குப்படி யாரோ பாதி வயிற்றோடு எழுகிறார்கள். இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

எடை பார்க்கும் மெஷின் எங்கே என்று கேளுங்கள். அதன்மேல் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். மாதா மாதம் எடை எழுதிய நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு அந்த நோட்டுதான் வாய்.

மூன்றாவது, கதவு. இவர்கள் வெளியே நடந்து போய்விடுவார்கள் என்பதால் வாசல் பூட்டித்தான் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் இரவில் சாவி யாரிடம் இருக்கிறது? இரண்டாவது வழி இருக்கிறதா, அதன் முன்னால் பழைய கட்டிலும் சிலிண்டரும் அடுக்கி வைத்திருக்கிறார்களா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் ஓடும்? இருட்டில் ஒரு விநாடி அவர்களுக்குப் பெரிய பயம். ஏர்வாடியை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். கட்டிலில் துணிப்பட்டை தொங்குகிறதா என்றும் பாருங்கள். சங்கிலி சட்டப்படி அறவே கூடாது. மற்றபடி கட்டிவைப்பதும்கூட உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்தான். அதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். "சும்மா விழாம இருக்கத்தான் சார் கட்டியிருக்கோம்" என்பது சட்டத்தில் இல்லை.

நான்காவது, தரை. நாம் பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து மயங்குகிறோம். டிமென்ஷியா வந்தவர் கண்ணுக்குப் பளபளப்பு தண்ணீராகத் தெரியலாம். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியலாம். அதனால் கால் வைக்கப் பயந்து நிற்பார், அல்லது தாண்டப் போய் விழுவார். மங்கலான சிமென்ட் தரையும், சுவரோடு ஓடும் கைப்பிடியும், நிறம் வேறுபட்டுப் பளிச்சென்று தெரியும் கழிவறைக் கதவும், சாயங்காலம் நிழல் விழாத நல்ல வெளிச்சமும் ஏ.சி.யை விட முக்கியம்.

ஐந்தாவது, மருந்து. "ராத்திரி எல்லாரும் நல்லா தூங்கிடுவாங்க சார்" என்று பெருமையாகச் சொன்ன இடம் ஒன்று உண்டு. முப்பது டிமென்ஷியா நோயாளிகள் எட்டு மணிக்கு ஒரே மாதிரி தூங்குவது இயற்கை இல்லை. மனநோய்க்குத் தரும் சில அடக்கும் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. 2008-ல் அந்த எச்சரிக்கையைப் பழைய வகை மருந்துகளுக்கும் விரித்தது. சில நேரம் மருத்துவர் யோசித்து, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுக்க வேண்டிவரும். அது வேறு. யார் எழுதியது, எதற்கு, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்று கேள்விக்கும் மருந்துச் சீட்டில் பதில் இருக்க வேண்டும். நாமாக மருந்தை நிறுத்தச் சொல்லவும் கூடாது.

ஆறாவது, பணம். மாதக் கட்டணத்தோடு டயப்பர், டாக்டர் வருகை, தனி அட்டெண்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யார் கூட இருப்பது, "எங்களால் முடியாது, கூட்டிப்போங்க" என்றால் எத்தனை நாள் அவகாசம், அட்வான்ஸ் திரும்பி வருமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஞாயிறு மதியம் மட்டும்தான் பார்க்கலாம் என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடுங்கள்.

இதெல்லாம் அளக்கக்கூடியவை. அளக்க முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஏழு இடத்திலும் அதையே கேட்டோம். "எங்கப்பா ஆறு மணிக்கு, வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்புவார். என்ன செய்வீங்க?"

ஓர் இடத்தில், "கேட்டைப் பூட்டிடுவோம் சார், கவலையே படாதீங்க." இன்னொரு இடத்தில், "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." மார்பிள் போட்ட ஒரு பெரிய இடத்தில் எங்களுக்கு ஒரு வண்ண அட்டவணையைக் காட்டினார்கள். ஆறு மணிக்கு நேராக "இசை" என்று போட்டிருந்தது. ஹாலில் டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு இடத்தில், "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு புரியற மாதிரி எடுத்துச் சொல்லுவோம்" என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் புரியவைக்க முடிந்தால் அது டிமென்ஷியாவே இல்லையே.

ஓர் இடத்தில் மட்டும் நிர்வாகி பதில் சொல்லவில்லை. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாதான் எங்களைத் திருப்பிக் கேட்டார். "வெள்ளிமலையில அய்யாவுக்கு என்னா வேலை?" சொன்னோம். "பசங்களுக்கு என்னா சாப்பாடு போடுவாங்க? அய்யா என்னா விரும்பிச் சாப்பிடுவாரு?" மலையில் இருந்த பழக்கத்தில் அப்பாவுக்குச் சாமைச் சோறும் களியும் பிடிக்கும் என்றோம். பழைய ஓட்டு வீட்டை விரிவாக்கிய இடம் அது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. சான்றிதழ் சரியாக இருந்தது. இரவில் விழித்திருக்க மூன்று பேர் இருந்தார்கள். எடை நோட்டு இருந்தது. மறுவாரம் ஒரு மாலையில் அப்பாவையே அங்கே கூட்டிப்போனோம். ஆறு மணிக்கு எழுந்தார். அந்த அம்மா வந்து, "வாத்தியாரய்யா, பஸ்ஸு இன்னும் வரல. வந்தா ஹாரன் அடிப்பான். அதுவரைக்கும் டீ குடிக்கலாம் வாங்க" என்று கையைப் பிடித்து வராந்தாவில் இரண்டு நடை நடந்தார். டீ குடிப்பதற்குள் அந்தத் தவிப்பு தணிந்தது.

இது பொய் இல்லையா என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அவர் கேட்பது பஸ்ஸை இல்லை, தான் பொறுப்பேற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்ற நிம்மதியை. அதோடு வாதாடாமல், அவர் பக்கத்தில் நின்று பதில் சொல்வது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

உலகம் பூராவும் இதைத்தான் பெரிய செலவில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஹாலந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-ல் ஹோகவேக் என்று டிமென்ஷியா வந்தவர்களுக்காகவே ஒரு சின்ன ஊரைக் கட்டினார்கள். ஆறேழு பேருக்கு ஒரு வீடு, தெரு, கடை, தோட்டம். சுற்றி மட்டும் பாதுகாப்பு. உள்ளே அவரவர் பழகிய வாழ்க்கை. நம்மால் அந்த ஊரைக் கட்ட முடியாது. ஆனால் "அய்யா என்ன விரும்பிச் சாப்பிடுவாரு" என்று கேட்கப் பணம் தேவையில்லை. இல்லத்தில் சேர்க்கும்போது அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். செய்த வேலை, பிடித்த சாப்பாடு, பயப்படுவது, கூப்பிட வேண்டிய பெயர். மருந்துச் சீட்டுக்கு மேலே அது இருக்கட்டும்.

அப்பா அங்கே போய் எட்டு மாதம் ஆகிறது. சேர்த்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அம்மா வாரம் இரண்டு முறை போகிறார். நானும் தங்கையும் மாறி மாறி, நாள் சொல்லாமல், நேரம் சொல்லாமல் போகிறோம். எடை நோட்டு, மருந்துச் சீட்டு, கால் நகம், முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நான் எப்போதும் நோட்டைப் புரட்டுவதால் அப்பா இப்போது என்னைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்று நினைக்கிறார். எழுந்து வணக்கம் சொல்கிறார். அதைத் தாங்கிக்கொள்ள எந்த லேபிலும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அவருடைய எடை குறையவில்லை, முதுகில் புண் இல்லை, அம்மா இரவில் தூங்குகிறார். இந்த மூன்றும் இருக்கிறவரை முடிவு சரி என்று எடுத்துக்கொள்கிறேன். ஏதாவது ஒன்று மாறினால் மறுபடி கணக்குப் போடுவோம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்வராயன் மலையில், கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் சுற்றியிருக்கும் சிற்றூர்களிலும் அப்பாவிடம் படித்தவர்களின் பெற்றோருக்கும் இந்த நோய் வரும். மாதக் கட்டணம் கட்டும் இல்லம் அவர்கள் கணக்கிலேயே வராது. அவர்களுக்கு முதலில் வேண்டியது நோயின் பெயரும், வழி சொல்ல ஓர் ஆளும். முதியோருக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். இந்த இரண்டு எண்ணையும் நம் சங்கத்தின் பெயரில் அச்சடித்து மலைக் கிராமங்களின் ரேஷன் கடைகளில் ஒட்ட ஆகும் செலவு, இன்றைய மேடை அலங்காரச் செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஊரிலும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் ஒரு நண்பர் இல்லம் தேடும்போது, அந்த ஊரில் இருக்கும் நம் ஆள் ஒருவர் மாலை ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னால் போதும். சேர்த்த பிறகும் மாதம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். பார்வையாளர் வருவார் என்று தெரிந்த இல்லம் ஒழுங்காக நடக்கும். இதற்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடியுங்கள். ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். முதல் பெயராக என் பெயரையும், கள்ளக்குறிச்சி என்று ஊரையும் எழுதியிருக்கிறேன்.